ஊஞ்சலில் உறங்கிய ராஜாவும் இன்னும் பிறக்காத வாரிசும்

முன்னொரு காலத்தில், ஆற்றுக்கும் மூடுபனிக்கும் நடுவே கிடந்த அல்லித்துறை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் சொன்னதை மாலையில் மாற்றுவார். மதியம் சாப்பிட்டதும் சபையிலேயே, சிம்மாசனத்துக்குப் பக்கத்து ஊஞ்சலில் தூங்கிப்போவார். அவர் எழும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஒருநாள் பூவாடை என்ற இளம்பெண் சபைக்கு வந்தாள். ஆற்றில் சொந்தமாக ஓடத்துறை வைத்திருந்த அவள் கணவன் வெள்ளத்தோடு போய்விட்டான். வாரிசில்லாத ஓடத்துறை அரண்மனைக்குச் சேரும் என்பது சட்டம். அவள் வயிற்றிலோ அப்போதுதான் கரு தங்கியிருந்தது.

"வாரிசு இருக்கு மகாராஜா, இன்னும் வரலை" என்றாள்.

அரண்மனைக்கு வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தத் துறைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த சபைப் பிரமுகர் வல்லபராயர் துள்ளி எழுந்தார். "பிரபு! அது பேசாது, கேட்காது, தான் இருப்பதே அதற்குத் தெரியாது. அதெல்லாம் ஓர் ஆளா?"

ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. "மாசாத்தரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்று மந்திரியைக் கேட்டார்.

"தாங்கள் தூங்கி எழுந்ததும் சொல்கிறேன். அம்மா பூவாடை, உன் பிள்ளைக்குப் பாடுவதை இங்கே பாடு."

அவள் பாடினாள். எந்த நொடியில் தூங்கினார் என்று ராஜாவுக்கே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதந்தார். கை எது, கால் எது என்று புரியவில்லை. பெயர் மறந்துபோயிற்று. எங்கோ கரையிலிருந்து ஒரு பெண்குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்படியே இருந்துவிடலாம் போல அத்தனை சுகமாக இருந்தது.

பாட்டு நின்றது. ராஜா கண் விழித்தார். சிம்மாசனத்தில் வல்லபராயர் உட்கார்ந்திருந்தார்!

"என்னய்யா இது?"

வல்லபராயர் பதறி இறங்கினார். அங்கவஸ்திரம் ஆசனத்துச் சிங்கத்தின் வாயில் மாட்டிக்கொண்டது.

"நான்தான் தூண்டினேன்" என்றார் மாசாத்தர். "தாங்கள் தூங்கும்போது இவரிடம், 'ராஜா இப்போது பேசவில்லை, கேட்கவில்லை, தன்னை அறியவில்லை. உங்கள் வாதப்படி ஆசனத்துக்கு ஆளில்லையே' என்றேன். மனுஷர் ஏறிவிட்டார்."

சபை சிரித்தது. வல்லபராயர் விடவில்லை. "ராஜா தூங்குமுன்பே ராஜா! இது ஒருநாளும் விழித்ததே இல்லையே!"

"நியாயமான கேள்வி. கரு எப்போது மனிதனாகிறது என்று எனக்கும் தெரியாது. தெரியாதபோது ஏறி உட்காருவதா, காத்திருப்பதா?"

ராஜாவின் உடம்பில் அந்த வெதுவெதுப்பு இன்னும் இருந்தது. "பெயர்கூட இல்லாமல் கிடந்தேன்" என்றார் மெல்ல. "நீங்களெல்லாம் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தீர்கள். அதற்கும் காத்திருப்போம். துறை பூவாடையிடமே இருக்கட்டும். மாசாத்தருக்கு என் முத்துமாலை. பிள்ளை வரும்வரை வல்லபராயர் ஓடம் தள்ளட்டும்!"

இந்த ஒரு சொல்லை மட்டும் ராஜா மாற்றவேயில்லை. வல்லபராயரும் முணுமுணுத்துக்கொண்டே ஓடம் தள்ளினார்.

பனி விலகிய ஒரு நண்பகலில், ஆற்றங்கரையிலிருந்து பச்சைக்குழந்தையின் அழுகை கேட்டது. ஊஞ்சலில் கிடந்த ராஜா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"எழுந்தாச்சு! இனி எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.