செண்பகவடிவுக்குக் கட்டிய வீடு

கோட்டான்விளைக்காரர்கள் யாராவது உங்களுக்குச் சொந்தமாக இருந்தால் இப்போதே எழுந்து போய்விடுங்கள். அப்புறம் என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

அந்த ஊரில் வெயிலுமுத்து, பலவேசம், கோமதிநாயகம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் வெயிலுமுத்துவுக்கு மட்டும்தான் கல்யாணம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன அவன் பெண்டாட்டி செண்பகவடிவு, போகும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள். "ஒழுகுற குடிசைக்கு என் பிள்ளை வராது. வீட்டைக் கட்டி முடிச்சுட்டு ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் அந்தப் பக்கம் தலை காட்டாதீங்க."

பிள்ளை பிறந்து, குப்புற விழவும் ஆரம்பித்துவிட்டது. வெயிலுமுத்து இன்னும் முகம் பார்க்கவில்லை. பாவம், சோற்றில் கை வைத்தாலே அழுகை வந்துவிடும் அவனுக்கு.

கூலிக்கு ஆள் வைக்க வசதி இல்லை. "நமக்கென்ன கை இல்லையா, கால் இல்லையா?" என்று மூவரும் தாங்களே கட்டக் கிளம்பினார்கள். குருவையா கொத்தனார் இரக்கப்பட்டு யோசனை மட்டும் சும்மா கொடுத்தார். "சுவரை நூல் பிடிச்சுக் கட்டுங்கப்பா. கட்டின சுவரைத் தாகத்துல விட்டுராதீங்க. வாசல் நிலையை மட்டும் வீட்டுக்காரி மஞ்சள் குங்குமம் வைக்காம நிறுத்தாதீங்க."

கோமதிநாயகம் நூலைப் பிடித்தான். பிடித்தவன் விடவே இல்லை. மூக்கு அரித்தால்கூட பலவேசம்தான் வந்து சொறிந்துவிட வேண்டும்.

சுவர் இடுப்பளவு எழும்பியதும் தாகம் தீர்க்கிற பேச்சு வந்தது.

"வெறும் தண்ணியா கொடுக்க? கொளுத்துற வெயிலுல நிக்குதேண்ணே," என்றான் பலவேசம்.

வெயிலுமுத்து யோசித்தான். "சரிதாம்ல. மோரைக் கரை. உப்புப் பார்த்துப் போடு."

அன்றிலிருந்து சுவருக்கு வேளாவேளைக்கு நீர்மோர். கறிவேப்பிலை கிள்ளிப் போட்டுத்தான் ஊற்றினார்கள். ஊர் எறும்பெல்லாம் அங்கேதான் குடியிருந்தது.

அடுத்து வாசல். நிலை வைக்கச் செண்பகவடிவு வேண்டும். வீடு முடியாமல் அவள் வரமாட்டாள்.

"நிலைக்கு இடம் மட்டும் விட்டு வைப்போமா?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"நிலை இல்லாத இடத்துக்குப் பேரு வாசலாலே? ஓட்டை! புது வீட்டுல ஓட்டை விட்டா ஊரு சிரிக்காதா?" என்று அதட்டினான் அண்ணன்.

ஜன்னலுக்கும் நிலை உண்டு என்பதால் அதையும் வைக்காமலே விட்டுவிட்டார்கள். மூவரும் உள்ளே நின்றபடியே நாலு சுவரையும் எழுப்பினார்கள். சுவருக்கு மேலே தலையை நீட்டி, வழியில் போனவரிடம் செண்பகவடிவுக்குச் சேதி சொல்லி அனுப்பிவிட்டு, மேலே ஓலையையும் வேய்ந்து முடித்தார்கள்.

மறுநாள் காலையில் செண்பகவடிவு பிள்ளையோடு வந்தாள். வீட்டை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"இங்கதான்!" என்றது சுவர்.

"அட கடவுளே! வெளிய வாங்க!"

வெளியே பிள்ளை அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி உள்ளே கேட்டது. வெயிலுமுத்து தவித்துப்போய்ச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தான். "திறக்க முடியலையேலே!"

பலவேசம் ரொம்ப நேரம் யோசித்தான். "அண்ணே, கதவை உள்ள இருக்கவங்கதானே திறக்கணும்? நம்மால திறக்க முடியல. அப்போ நாமதான் வெளிய நிக்கோம்."

"அப்போ செண்பகம்?"

"மதினி வீட்டுக்குள்ள போயாச்சு!"

வெயிலுமுத்துவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "ஏ செண்பகம்! வலது காலை எடுத்து வச்சுத்தானே உள்ள போனே? கொஞ்சம் கதவைத் திற, பிள்ளையைப் பாக்கணும்!"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் விட்டாள் ஒரு உதை. மோர் குடித்து ஊறிப்போன சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

வெயிலுமுத்து அந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து வந்து, பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தான். இந்தப் பக்கம் வயல், அந்தப் பக்கம் குளம்.

"அடேயப்பா! நம்ம கையால கட்டினது எம்புட்டுப் பெரிய வீடு, பாத்தியா செண்பகம்?"

பின்னாலேயே தவழ்ந்து வந்த கோமதிநாயகம் அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, கூரை போட மறந்துட்டோமே!"