தூளி கட்டின புங்கங்கன்னு

கறுப்புப் பாக்கெட்டுல செம்மண்ணும் எருவும் கலந்து ரொப்பிக்கிட்டிருந்தேன். கை ஓடினாத்தான் எனக்கு வாய் ஓடும். சும்மா உக்காந்து பேசச் சொன்னா வெக்கம் வந்து நாக்கு உள்ளே போயிடும்.

எதிர்ல பூங்காவனம் அக்காவும் எங்க அண்ணியும் கன்னு எடுத்து வெச்சிக்கிட்டிருந்தாங்க. சுத்தியும் சுரங்கத்துலேருந்து தோண்டிக் கொட்டின மண்மேடு. புல்லு பூண்டு கெடையாது. அதுல மறுபடி காடு வளக்கத்தான் எங்களுக்குக் கூலி. நெழல்னா ஒரே ஒரு தண்ணி வண்டிதான். அதுக்கு அடியில தூளி கட்டி எம்மவனைப் போட்டிருந்தேன். அந்த வண்டியும் இன்னிக்கு வேற மேட்டுக்குப் போவுது. "நாளையிலேருந்து நெழல் இல்ல, புள்ளையைத் தூக்கிக்கிட்டு வராத"ன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. மாமியாவும் கூலிக்குப் போறாங்க, வீட்டுல பாத்துக்க ஆளில்ல. அவன் வரலன்னா நானும் வர முடியாது.

"என்னாடி பண்ணப் போற?"ன்னாங்க பூங்காவனம் அக்கா.

"மரம் வளத்துக்குவேன். முன்ன ஒரு தடவை வளக்கலையா?"

"எப்ப?"

"நீங்க ரெண்டு பேரும் லீவு போட்ட அன்னிக்கு."

அன்னிக்கும் இப்படித்தான், வண்டி வரல. இந்த மண்ணு சூடு தெரியுமில்ல? வேப்பங்கொட்டையைப் போட்டா பொரிஞ்சு துள்ளி என் கையிலேயே வந்து விழுவுது. ஒரு மண்புழு உள்ள போய்ப் பாத்துட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு வெளிய வந்துடுச்சி.

"புழுவுக்கு ஏதுடி துண்டு?"

"நாந்தான் குடுத்தேன். பாவமா இருந்திச்சி."

ஒரு புங்கங்கன்னை நட்டேன். இடுப்புல இருந்தவன் அதும் தலையில ஒண்ணுக்கு அடிச்சிட்டான். அவ்வளவுதான், கன்னு சிலுத்துக்கிச்சி. முந்தானையால இவனைத் தொடைக்கிறதுக்குள்ள கெளை விட்டுடுச்சி. சரி, நெழலாச்சின்னு தூளியைக் கட்டினேன். முடிச்சு போட்டுக் கையை எடுத்தா, தூளி என் தலைக்கு மேல! அவன் நனைக்க நனைக்க, கீழ சொட்டச் சொட்ட, மரம் ஏறுது ஏறுது, நிக்கவே காணோம்.

பால் குடுக்க நான் ஏறினேன். மேல ஒரு பருந்து தூளியை ஆட்டிக்கிட்டிருக்கு. "இப்பத்தான் தூங்கினான், சத்தம் போடாத"ன்னு என்னையே அதட்டுது. அங்கேருந்து பாத்தா கடலூரு தெரியுது, துறைமுகத்து வீட்டுல கொதிக்கிற கொழம்பு தெரியுது.

"என்னா மீனு?"ன்னாங்க அண்ணி.

"சங்கரா. உப்பு கம்மி."

வேரு மட்டும் சும்மா இருக்குமா? சுரங்கத்துல எறங்கி, மண்ணு வெட்டுற பெரிய சக்கர எந்திரத்தைப் புடிச்சி எதிர்ப்பக்கமா சுத்திவிட்டுடுச்சி. வெட்டின மண்ணெல்லாம் வரிசையா பள்ளத்துக்குத் திரும்பிப் போவுது. எங்க பழைய ஊரு அந்தப் பள்ளத்துலதான இருந்திச்சி? எங்க மாமியா அங்க விட்டுட்டு வந்த அம்மிக்கொழவியை வேரு தூக்கிக்கிட்டு வந்து குடுத்திச்சி.

"உங்க மாமியா சந்தோசப்பட்டிருப்பாளே?"

"அட போங்கக்கா! பாதி தேஞ்சிருக்கே, யாரு அரைச்சதுன்னு சண்டைக்கு வந்துட்டாங்க."

அதுக்குள்ள மேஸ்திரி மூச்சு வாங்க ஓடியாந்தாரு. "கீழ பட்டப்பகல்ல லைட்டு போட்டு வேலை செய்யிறாங்க, ஒன் நெழலைச் சுருட்டும்மா!"ன்னாரு. பெரிய மனுசன் சொல்லிட்டாரேன்னு பாய் மாதிரி சுருட்டி ஓரமா வெச்சிட்டேன்.

பூங்காவனம் அக்கா எழுந்து நின்னு, கண்ணுக்கு எட்டின வரைக்கும் மொட்டை மேட்டைப் பாத்தாங்க. "அந்த மரம் இப்ப எங்கடி?"

"அது என்னை மாதிரிக்கா. ஆளைப் பாத்தா கூச்சப்பட்டுச் சுருங்கிடும். இதோ, இந்தப் பாக்கெட்டுல ரெண்டு எலையோட உக்காந்திருக்கு பாருங்க."

அக்கா சிரிக்கல. கையில இருந்த மண்ணைத் தட்டினாங்க. "அது கூச்சம் தெளியறதுக்குள்ள ஒம்மவனுக்குக் கல்யாணம் ஆயிடும். நாளைக்கு நாலு மூங்கி கொண்டாறேன். மேல என் பழைய பொடவையைக் கட்டு. மேஸ்திரி கேட்டா, இதான் நெழலுன்னு நான் சொல்லிக்கிறேன்."

அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சி. மூச்சு வந்தா வாய் நிக்குமா? "பொடவை எதுக்குக்கா? அன்னிக்கு சுருட்டி வெச்ச நெழலு இருக்கே, அதை விரிச்சிக் கட்டினோம்னா…"

"ஏ, தனக்கோடி!" டிரைவரு அண்ணன் கத்துறாரு. "வண்டியை எடுக்கணும், புள்ளையை அவுத்துக்க! டயரெல்லாம் நனைச்சிட்டான்!"

மண்ணுக் கையோட ஓடினேன். "அண்ணே, சீக்கிரம் தொடைங்கண்ணே, இல்லன்னா ஒங்க வண்டி கெளை விட்டுடும்!"