யார் வீட்டு மூஞ்சி இது?

கோயம்புத்தூரில் கேம் திருவிழா நடந்த மண்டபத்தில், சௌடேஸ்வரியின் டி-ஷர்ட் கடையில்தான் கூட்டம் அப்பியது. சட்டை முழுக்க முட்டைக்கண், கோரைப்பல், தொங்கும் நாக்கு என்று ஓர் அரக்க மூஞ்சி. ‘கரிக்கோட்டை’ கேமில் வரும் வில்லனுக்கும் அதே சாயல். விடுவாரா அந்த கேம் கம்பெனி முதலாளி நரசிம்மராஜ்? வக்கீலோடு வந்து நின்றார்.

“இந்த மூஞ்சி எங்க சொத்து! காப்பிரைட், டிரேட்மார்க் எல்லாம் எங்ககிட்ட இருக்கு. அத்தனை சட்டையையும் மூட்டை கட்டு!”

சௌடேஸ்வரி அசரவில்லையே!

“கேம் பேரு உங்களுதுங்க, அதை நான் போடலை. வில்லனோட கிரீடம், கோடாலி உங்களுது, அதையும் தொடலை. வெறும் மூஞ்சிதானுங்களே?”

“மூஞ்சியும் எங்களுதுதான். எங்கே தொங்கினாலும் இறக்குவேன்!”

“அப்படீங்களா? அவினாசி ரோட்டுல நீங்க கட்டற புது ஆபீஸ் முன்னாடி இதே மூஞ்சி தொங்குதே, முதல்ல அதை இறக்குங்க. அப்புறம் நானும் கடையைக் கட்டிடறேனுங்க.”

முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஐயையோ, அதை எப்படிம்மா இறக்கறது? அது திருஷ்டி பொம்மை! ஊர்க்கண்ணெல்லாம் பட்டுடும்!”

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“அதே பொம்மையைப் பாத்துத்தானுங்க நானும் வரைஞ்சேன்” என்ற சௌடேஸ்வரி, ஒரு சட்டையை மடித்து முதலாளி கையில் கொடுத்தாள்.

“போட்டுக்குங்க. இத்தனை பேரு உங்களையே பாக்கறாங்க, கண்ணு பட்டுடப் போகுது.”