நரி வராத நாளெல்லாம்

மலை மேல் இருந்த நீர்த்தேக்கத்தில் ஆட்காட்டிக் குருவிக்கு ஓர் அநியாயம் நடந்தது. ஆபத்து வருகிறது என்று கத்திச் சொன்ன ஒரே குற்றத்துக்காகப் பொய்க்காரி என்று பெயர் சூட்டி, கரையை விட்டே துரத்திவிட்டார்கள்!

அது ஐப்பசி மாதம். காலையில் வெயில் அடிக்கும். குளித்துக் கரையேறுவதற்குள் மழை வரும். சிறகை உதறுவதற்குள் மூடுபனி இறங்கிவிடும். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததால், இரை பொறுக்கும் சேற்றுத்தரை ஒரு கரையில்தான் மிஞ்சியிருந்தது. எல்லாப் பறவைகளும் அங்கேதான். பறவை பார்க்க வந்த மனிதர்களும் அங்கேதான், கழுத்தில் பைனாகுலரும் கையில் கேமராவுமாக.

வெள்ளைக் கொக்குக்குக் கேமரா என்றால் உயிர். கழுத்தை வளைத்து, ஒற்றைக் காலில் நின்று, மூச்சைக்கூட மெல்ல விடும். அந்த நேரம் பார்த்துப் புதரில் நரியின் வால் ஆடும். ஆட்காட்டி வீறிட்டுக் கத்தும். கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறக்கும்.

"அடச்சே! படம் போச்சு!" என்பார்கள் கரையில் நின்றவர்கள்.

ஒருநாள் கொக்குக்குப் பொறுக்கவில்லை. பஞ்சாயத்தைக் கூட்டியது.

"இவ தினமும் நரி, நரின்னு கத்துறா. யாரையாவது நரி பிடிச்சிருக்கா? ஒருத்தரையாவது? அப்போ இவ சொல்றது பொய்தானே!"

"நான் கத்தினதாலதான் அக்கா பிடிக்கல!" என்றது ஆட்காட்டி.

"பாத்தீங்களா, என்ன வாய்!"

முக்குளிப்பான் மட்டும் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டி, "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கே..." என்று இழுத்தது. கொக்கு முறைத்தது. முக்குளிப்பான் முங்கிவிட்டது.

எதிர்க்கரை வெறும் பாறை. புழு இல்லை, பூச்சி இல்லை. துரத்தப்பட்ட ஆட்காட்டி காலி வயிற்றோடு அங்கே ஒதுங்கியது.

மறுநாள் காலை மூடுபனி கவிந்தது. பறவை பார்க்க வந்தவர்கள் டீக்கடைக்கு ஓடினார்கள். நரி மெல்லப் புதரை விட்டு வெளியே வந்தது.

"காவலை அவங்களே கலைச்சுட்டாங்க. ரொம்ப நல்ல மனசு!" என்று சிரித்துக்கொண்டது.

பனி ஒரு கணம் விலகியது. எதிர்க்கரையிலிருந்து ஆட்காட்டி நரியைக் கண்டது. 'கத்தாதே, படட்டும்!' என்றது பசித்த வயிறு. தொண்டை கேட்கவில்லை. வீறிட்டது!

கூட்டம் எழும்பியது. கொக்கு மட்டும் கொஞ்சம் பிந்திவிட்டது. நரியின் வாயில் ஒரு கொத்து வால் இறகு!

தப்பிப் பறந்த கொக்கு, மூச்சிரைக்க எதிர்க்கரையில் வந்து இறங்கியது. நன்றி சொல்லும் என்று பார்த்தால், "இன்னிக்குத்தான் நீ நிஜம் சொன்னே! கொஞ்சம் முன்னாடியே கத்தினா என்னவாம்?" என்றது.

ஆட்காட்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பிய்ந்த வாலைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாறையில் நகர்ந்து இடம் கொடுத்தபடியே சொன்னது:

"இங்கேயிருந்து இவ்வளவுதான் அக்கா தெரியும். நரி உன் வாலைப் பிடிச்ச இன்னிக்கு நான் நிஜம், நரி பக்கத்துல வராத நாளெல்லாம் நான் பொய்யா? காவல் இருந்ததாலதான் ஆபத்து வரல. ஆபத்துதான் வரலையேன்னு காவல் காத்தவங்களைப் பொய்யாக்கி விரட்டாதீங்க!"