வழுக்காத பனிதாஸ்

இதுல பாதிய நீங்க நம்புனாப் போதும், மீதிய பனிதாஸே நம்பிக்கிடுவாரு. அவரு அப்படிப்பட்ட ஆளு. தூத்துக்குடி துறைமுக ரோட்டுல ஒரு இறால் கம்பெனி, அதுல மைனஸ் பதினெட்டு டிகிரி ஓடுற குளிரறை. வெளிய வெயில் மண்டையப் பொளக்கும், கதவத் தொறந்து உள்ள போனா மூக்குமுடி விறைச்சு நிக்கும். அதுக்குள்ளதான் பதினோரு வருஷமா பனிதாஸு இறால் பெட்டியும் கணவாய்மீன் பெட்டியும் அடுக்கிக்கிட்டிருந்தாரு. அந்த ஊருல பனிக்கட்டி பெஞ்சதாக் கேள்வியே இல்ல, ஆனா ஊருக்குத் தாய் பனிமய மாதா. மாதா பேர வாங்குனவரு நம்மாளு. அதனால பனி தனக்குப் பங்காளி முறை, பங்காளி தன்னக் கீழ தள்ளமாட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. அவருகூட அதே பதினோரு வருஷமா பெட்டி அடுக்குற கிருபாவதி, பங்காளின்னா தள்ளத்தான செய்வான்னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போயிரும்.

வாய் எப்படியோ, முட்டி உண்மையத்தான் பேசிச்சு. குளிரு ரெண்டு முட்டியிலயும் குடியேறி உக்காந்துக்கிட்டு, படி ஏறுனா கடக் கடக்னு சத்தம். இந்தக் குளிர விட்டு வெளிய வரலன்னா ரெண்டே வருஷத்துல கம்பு ஊனித்தான் நடக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பனிதாஸு அத வீட்டுலகூட சொல்லல. உள்ளுக்குள்ள பயந்து செத்துக்கிட்டிருந்தாரு. வெளிய வரணும்னா கம்பெனியில வேற வேலையும் காலியில்ல.

அப்பத்தான் அந்த வாரம் மூணு பேரு வரிசையா வழுக்கி விழுந்தாங்க. வாசல்லதான் வினையே. கதவ ஒருத்தன் தொறந்து போட்டுட்டுப் போயிட்டான்னா, வெளிய இருக்குற ஈரக் கடல்காத்து உள்ள நுழைஞ்சு, நுழைஞ்ச இடத்துலயே தரையோட தரையா உறைஞ்சு, கண்ணாடி போட்ட மாதிரி ஆயிரும். கடைசியா விழுந்தது பெட்டி தூக்குற வண்டியோட்டுற இசக்கிராஜ். ரெண்டு கணவாய்ப் பெட்டியோட விழுந்துட்டு, நான் விழல, உக்காந்தேன்னு சாதிச்சுப்புட்டான். வேலை நேரத்துல கணவாய் மேல உனக்கென்னடே உக்காரதுன்னு கேட்டாரு மேனேஜர் ஞானதுரை. அவன் அன்னைக்கெல்லாம் உக்காரவே இல்ல.

சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரன் காதுக்கு இது போயிருச்சு. வழுக்கி விழாமப் பாத்துக்கிட தனியா ஒரு ஆளு போடணும், ஆளுக்குப் பனிக்கால அனுபவம் இருக்கணும்னு ஒரு படிவத்த அனுப்பிட்டான். அந்த ஆளுக்கு வேலை அறைக்கு வெளிய. ஒரு கண்ணாடி ரூம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேல ஒரு காத்தாடி. கதவு மூடியிருக்கா, தரையில ஐஸு சுரண்டியாச்சா, எல்லாரு காலுலயும் பூட்ஸு இருக்கான்னு பாத்தாப் போதும். இதக் கேட்டதும் பனிதாஸுக்கு முட்டி ரெண்டும் ஒண்ணா எந்திரிச்சு நின்ன மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் நாலு மணி டீக்கு எல்லாரையும் ஷெட்டுல கூட்டிவச்சாரு ஞானதுரை. காகிதத்துல ஏறிட்டா அது தேவவாக்குன்னு நினைக்கிற மனுஷன். பேனாவத் தொறந்து வச்சுக்கிட்டு, உங்கள்ல யாருவே பனி பெய்யிற ஊருக்குப் போயிருக்கதுன்னாரு. ஒருத்தரும் அசையல. பனிதாஸு கை மட்டும், அவரக் கேக்காமலே மேல போயிருச்சு. கை போன பொறவு வாய் சும்மா இருக்குமா.

"ரஷ்யாவுல எட்டு மாசம் சார். துறைமுகத்துல இதே வேலைதான். வழுக்கல் தடுப்பு."

எட்டு மாசமான்னு கேட்டு ஞானதுரை எழுதிட்டாரு. கிருபாவதி டீ கிளாஸ இறக்கி வச்சுட்டு, அது எந்த எட்டு மாசம் அண்ணாச்சின்னு கேட்டுச்சு. நீ பிரசவத்துக்குப் போயிருந்தயே அப்பன்னாரு இவரு. எனக்கு மூணு மாசந்தான லீவுன்னுச்சு அது. மீதி அஞ்சு மாசம் நான் இங்கதான் இருந்தேன்னு நீயா நினைச்சுக்கிட்டிருந்திருக்கன்னு ஒரே போடாப் போட்டாரு. எழுதுற பேனா நிக்கக்கூடாதே, அதுதான் அவருக்குக் கவலை. எட்டிப் பாத்தாரு. கண்ணாடி ரூம்புல காத்தாடி சுத்திக்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான், மடை தொறந்துருச்சு.

அந்த ஊருல குளிரு மைனஸ் எண்பதாம். குளிர அளக்குற கண்ணாடிக் குழாயில பாதரசம் கீழ எறங்கி எறங்கி, குழாய்ல எடம் பத்தாம, தரையில மூணு முழத்துக்குக் குழி தோண்டி வச்சிருந்தானுவளாம். நம்மாளு அங்க போயி எறங்குனது ஒரு கைவச்ச பனியனும் கைலியுமாத்தான். மேல போத்திக்கிடச் சொல்லி ஆளாளுக்குக் கம்பளியத் தூக்கிட்டு வந்தானுவளாம். இவரு, வேர்க்கும்டேன்னு வேண்டாம்னுட்டாராம்.

அங்க வழுக்குனா இங்க மாதிரி பொத்துன்னு முடியாதாம். இவானோவுன்னு ஒரு கிளார்க்கு, திங்கக்கிழம காலையில கேட்டுல கால வச்சவன் வழுக்குனான். துறைமுகம் பூரா ஒரே ஐஸு, பிடிமானமே இல்ல. மல்லாக்கப் போய்க்கிட்டே இருந்தான், புதன்கிழமதான் அந்தக் கடைசியப் போயிச் சேர்ந்தான். நடுவுல அவன் பொண்டாட்டி தெனம் மத்தியானம் கரையில நின்னு, அவன் போற போக்குல ஒரு கரண்டி கஞ்சிய வாயில ஊத்துவா. அந்தக் கடைசியில செவுத்துல முட்டித் திரும்பி வாரதுக்குள்ள அவனுக்கு பதவி உயர்வே வந்துருச்சாம். அந்த ஆபீஸ்லயே அசைஞ்சுக்கிட்டிருந்தவன் அவன் ஒருத்தந்தான்னு மேலதிகாரி குறிப்பு எழுதியிருந்தானாம்.

இசக்கிராஜுக்குப் பொறுக்கல. "வே பனிதாஸு, மூணு நாளா போயிட்டிருந்தவன நீரு என்னத்தத் தடுத்தீரு?"

அதுக்குத்தான வாரேன்னாரு பனிதாஸு. முதல்ல நடை. நம்ம உப்பளத்துல வழுக்குற பாத்தியில பொம்பளையெல்லாம் உப்புச் சட்டியத் தூக்கிக்கிட்டு எப்படி நடக்காவ? காலத் தூக்காம, பாதத்தப் பூராவும் பதிச்சு, சின்னச் சின்ன எட்டா. அந்த நடைய நாலாயிரம் ரஷ்யாக்காரனுக்கு ஒரே காலையில சொல்லிக்குடுத்தாராம். அந்த ஊரு பட்டாளமே இப்பவும் அந்த நடைதான் நடக்குதாம், தலையில சட்டி மட்டுந்தான் இல்லையாம். ரெண்டாவது உப்பு. கருவாட்டுக்குன்னு வீட்டுல கட்டிக்குடுத்த தூத்துக்குடி உப்புல ஒரே ஒரு கை அள்ளி ஐஸு மேல விசிறுனாரு. துறைமுகம் பூரா உருகி ஓடுச்சு. அதுவரைக்கும் அந்தூருக் கடலு நல்ல தண்ணியாத்தான் இருந்துச்சாம், அதுல பருப்பு வேகவச்சுத் தின்னுக்கிட்டிருந்தானுவளாம். கரிக்க ஆரம்பிச்சது அன்னையிலருந்துதான்.

ஒரு கையளவான்னு மேனேஜர் நிமிந்து கேட்டாரு. கை பெரிசு சார்னாரு இவரு. அவரும் கை பெரிசுன்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதிக்கிட்டாரு.

பேனா இப்படி ஓடுறதப் பாத்தா யாருக்குத்தான் நிப்பாட்ட மனசு வரும். ஒருநாள் மூணு மாடிக் கப்பல் ஒண்ணு தண்ணியிலருந்து வழுக்கி ரோட்டுக்கு ஏறிருச்சுன்னு ஆரம்பிச்சாரு. ஊருக்குள்ள வந்துக்கிட்டிருக்கு, எதுக்க பள்ளிக்கூடம். எல்லாரும் கண்ண மூடிட்டானுவ. பனிதாஸு போயி ஒரு கோணிச்சாக்க உதறி ரோட்டுக்குக் குறுக்க விரிச்சாரு. சாக்கு மேல வந்ததும் கப்பல் நின்னுச்சு. நின்னு, மிதியடியில காலத் தொடைக்கிற மாதிரி அடிப்பாகத்த ரெண்டு தடவ தேய்ச்சுட்டு, வந்த வழியே திரும்பிப் போயிருச்சு.

ஷெட்டுல சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரமாச்சு. நீரு ஒரு தடவகூட விழலையான்னு இசக்கிராஜ் விடாமக் கேட்டான். ஒரே ஒரு தடவ விழ ஆரம்பிச்சேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா பாதி வழியில பாத்தாராம், பக்கத்துல விபத்து நோட்டுப் போடுறவன் இல்ல. எழுத ஆளில்லாம விழுந்து என்ன பிரயோசனம்னு அந்தரத்துலயே விழுறத நிப்பாட்டிட்டு, எந்திரிச்சு வந்துட்டாராம்.

ஞானதுரை பக்கத்தத் திருப்பி, வேற யாருக்கும் பனிக்கால அனுபவம் உண்டான்னு முறைக்கு ஒரு வார்த்த கேட்டாரு. நம்ம பக்கத்துல ரெண்டு சுழி னவும் மூணு சுழி ணவும் வாயிலருந்து ஒண்ணாத்தான் வரும். கிருபாவதி காதுல அது பணிக்காலம்னு விழுந்துச்சு. எத்தன வருஷ வேலைன்னு கேக்காருபோலன்னு நினைச்சு, எனக்குப் பதினோரு வருஷம் சார்னுச்சு.

பேனா நின்னுருச்சு. பதினோரு வருஷமும் எங்கம்மா இருந்தன்னு கேட்டாரு. மைனஸ் பதினெட்டுல சார்னுச்சு அது. உன்ன வெளிய உக்கார வச்சா என்ன செய்வன்னாரு.

"கதவ மூடச் சொல்லுவேன் சார். மணிக்கொருதரம் ஐஸச் சுரண்டச் சொல்லுவேன். பெட்டிய மூக்குக்கு மேல அடுக்கித் தூக்காதீங்க, கால் வைக்கிற எடம் தெரியாதும்பேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

அதே பதினோரு வருஷம் பனிதாஸுக்கும் இருக்கே, அத விட்டுட்டு எட்டு மாசத்தப் போயி எழுத வச்சுட்டமேன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. சார், அது சொன்னது மூணு சுழின்னு எந்திரிச்சாரு. படிவத்துல ரெண்டு சுழிதான் போட்டிருக்குன்னு ஞானதுரை தொட்டுக் காட்டுனாரு. பதினோரு வருஷத்தோட பாத்தா எட்டு மாசம் எம்மாத்திரம்னு சொல்லி, கண்ணாடி ரூம்ப கிருபாவதி பேருக்கு எழுதிட்டாரு.

"ஆனா உம்ம நான் விடமாட்டேன் பனிதாஸு. மைனஸ் எண்பதுல வேர்த்த ஆளப் பதினெட்டுல போட்டு வச்சிருக்கது எங்க தப்பு. நாளையிலருந்து நீரு பிளாஸ்ட் ரூம்."

பிளாஸ்ட் ரூம்புங்கது இறால ஒரே மூச்சுல விறைக்க வைக்கிற அறை. மைனஸ் நாப்பது, அது பத்தாதுன்னு காத்து வேற பேய் மாதிரி அடிக்கும். பனிதாஸுக்கு முட்டி ரெண்டும் அங்கயே கடக்னுச்சு. மானத்தப் பாத்தா கால் போயிரும். பொறந்ததுலருந்து பழக்கமில்லாத காரியத்தச் செஞ்சாரு, உண்மையச் சொன்னாரு. சார், நான் ரஷ்யாவையே பாத்ததில்ல, கடல் தாண்டுனதே இல்ல, பதினோரு வருஷமா இந்த ரூம்புக்குள்ளதான் கிடக்கேன், முட்டி போச்சு, என்ன வெளிய விடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

ஞானதுரைக்குச் சந்தேகம் வந்துருச்சு. எழுதுன காகிதத்தப் பாக்காரு, இவரப் பாக்காரு. அவ்வளவு கூட்டத்துலயும் இவரு சொன்னதுல ஒரு எழுத்தக்கூட நம்பாத ஆளு ஒண்ணுதான்னு அவருக்கும் தெரியும். கிருபாவதி பக்கம் திரும்பி, என்னம்மா, இவரு ரஷ்யாவே போகலங்கது நெசந்தானான்னு கேட்டாரு. பனிதாஸு கும்பிட்ட கைய எறக்காம அதையே பாத்துக்கிட்டு நின்னாரு.

கிருபாவதி கண்ணாடி ரூம்ப ஒரு பார்வ பாத்துச்சு, அங்க சுத்துற காத்தாடிய ஒரு பார்வ பாத்துச்சு.

"அண்ணாச்சிக்குத் தன்னடக்கம் சார். திரும்பி வரும்போது கப்பல் வரைக்கும் வழியனுப்ப வந்த ரஷ்யாக்காரன் கூட்டத்துல நானும்தான் நின்னேன்."