நோகிற இடம்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த மீனவப் பெண் சலேத்தம்மாளிடம் பெரிய டாக்டர் அதட்டினார்: "வாக்கரைப் பிடிச்சு நட. குனியாதே. எங்க நோகுதோ அங்கேயே நின்னுடணும்!"

மறுநாள் கட்டில் காலி. வராந்தாக் கோடியில், கடல் தெரியும் ஜன்னலருகே அவள் நின்றிருந்தாள்.

"இவ்வளவு தூரமா? நோகிற இடத்துல நிக்கச் சொன்னேனே!" என்று டாக்டர் கத்தினார்.

"அதான் நிக்கேன்யா. வார்டுல நோகல, வராந்தாவுல நோகல. கடலைப் பார்த்ததும்தான் நோவுது. மீன்பிடிக்கப் போன எங்க வீட்டுக்காரரு இன்னும் கரை திரும்பலையே."

சிரிக்கத் தொடங்கியிருந்த நர்ஸுகள் கடைசி வார்த்தையில் சிரிப்பை விழுங்கினார்கள். டாக்டர் மெல்லச் சொன்னார்: "இங்க ஒரு உயரமான நாற்காலி போடுங்க."

நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை. கரை சேரும் படகுகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டே நின்றாள்.