கண் வரும் வரை

மனோன்மணிக்குக் குரு கிடைத்தது குப்பை எடுக்கிற நாளில்.

பக்கத்து வீட்டு நிரோஜினி, மழையில் நனைந்தபடி குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் கம்பளிக் குல்லா, முழங்கால் வரை சேறு. கனடாவின் அந்த மேற்குக் கடலோரத்தில் மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நின்றால்தான் சொல்வார்கள்.

"அன்ரி, நாளைக்கு விடிய ஆத்துக்குப் போறன். வாறியளோ?"

யாழ்ப்பாணத்துப் பெண். ஆன்ட்டி அவள் வாயில் அன்ரி.

"ஆத்துல எனக்கு என்ன வேலை?"

"மீன் பிடிக்க."

மனோன்மணி நாகப்பட்டினத்துக்காரி. செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன்காரியை அழவைப்பாள். பிடிக்கத் தெரியாது, தெரிந்துகொள்கிற ஆசையும் கிடையாது. ஆனால் மகள் வீட்டு ஜன்னலில் திரை லேசாக விலகி மூடியது. அழைப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. பெற்ற மகளே பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள், எங்கம்மாவைக் கொஞ்ச நேரம் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று.

மகள் ஆதிரைக்கு ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறையாவது கூட இருக்க வேண்டும் என்று மனோன்மணி விமானம் மாறி விமானம் ஏறி வந்து இறங்கினாள். இறங்கிய நிமிடத்திலிருந்து அவளிடம் இருந்தது ஒரே கேள்விதான். காபியோடு கேட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டாள்.

"அசையுதா?"

முந்தின நாள் ஆதிரை கையிலிருந்த ஸ்பூனை மேசைமேல் போட்டாள்.

"நீ கேட்கிற ஒவ்வொரு தடவையும், நின்னுபோச்சோன்னு எனக்குக் குலை நடுங்குதும்மா. இன்னொரு தடவை கேட்டே, டிக்கெட்டை மாத்தி ஊருக்கு ஏத்தி விட்டுடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

"பெத்தவ கேட்காம வேற யாருடி கேட்பா?"

"யாரும் கேட்க வேண்டாம். சும்மா இரேன்."

"சும்மா இருக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

கதவு சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து அந்த அறை வாசலைத் தாண்ட மனோன்மணிக்கு அனுமதி இல்லை. சமைக்கச் சொன்னால் சமைப்பாள், தைக்கச் சொன்னால் தைப்பாள், சண்டை போடச் சொன்னால் சொல்லவே வேண்டாம். சும்மா இருக்க மட்டும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆகவே ஆற்றுக்குப் போனாள்.

நிரோஜினி கொடுத்த ரப்பர் கால்சட்டை மார்பு வரை ஏறியது. அதற்குள் புகுந்து நிமிர்ந்தபோது மனோன்மணிக்குத் தான் உறை போட்ட தலையணை போலத் தோன்றியது.

"சரி குருவே, எங்கே மீன்?"

குருவே என்றது கிண்டல்தான். நிரோஜினி கண்டுகொள்ளவில்லை. ஆற்றைக் காட்டினாள். பால் கூடிப்போன டீ மாதிரி கலங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இண்டைக்குச் சரிவராது அன்ரி. இந்த மலையில பனி தங்கிறேல்ல. மழைதான் ஆறு. பெய்தா ஏறும், விட்டா வடியும். வடிஞ்சு பச்சையா வரேக்கதான் மீன் ஏறும்."

"எப்போ பச்சையாகும்?"

"ஆகேக்க."

"பிடிக்கிற மீனுக்குப் பேராவது உண்டா?"

"ஸ்டீல்ஹெட்."

"ஸ்டீல் தலையா? எங்க வீட்டுக்காரருக்கும் அதே தலைதான். அவரைப் பிடிக்க எனக்குத் தூண்டில்கூடத் தேவைப்படலை."

நிரோஜினி சிரித்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். அன்றைய பாடம் இஞ்சித் தேநீரோடு முடிந்தது.

அதற்குப் பிறகு தினமும் போனார்கள். பாசி தொங்கும் பெரிய மரங்கள். மழை நின்ற பிறகும் அவை தம் பங்குக்குச் சொட்டிக்கொண்டே இருந்தன. ஆறு கொஞ்சம் தெளிந்ததும் நிரோஜினி ஒரு நீளக் கோலைக் கையில் கொடுத்தாள். நுனியில் இறகு கட்டிய தூண்டில் முள்.

"வீசுங்கோ. தண்ணியோட விடுங்கோ. கரைப் பக்கம் வந்து நிண்டதும் ஒரு அடி கீழ வையுங்கோ. திரும்ப வீசுங்கோ."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வீசினாள், விட்டாள், அடி வைத்தாள். வீசினாள், விட்டாள், அடி வைத்தாள். மீன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இரண்டு அடியாக வைத்துப் பார்த்தாள். பிறகு மூன்று.

"ஏன் அன்ரி ஓடுறியள்?"

"நின்னா மீன் வருதா? நாமதான் தேடிப் போகணும்."

நிரோஜினி ஓர் அடி வைத்துத் தன் தூண்டிலை வீசினாள்.

ஒரு நாள் கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றபடி மனோன்மணி கேட்டாள்.

"இந்த மீன் எங்கிருந்துதான் வருது?"

"இந்த ஆத்திலதான் பிறக்கிறது. விரல் நீளம் வந்ததும் கடலுக்குப் போயிடும். வருசக் கணக்காக் கடல்ல திரியும். பிறகு இந்த வாசலையே தேடிக்கொண்டு வரும்."

"அவ்வளவு பெரிய கடல்ல இந்த ஓடையோட வாசல் எப்படித் தெரியும்?"

"மணத்தில எண்டு சொல்லுவினம்."

மனோன்மணி ஆற்றைப் பார்த்தாள். குனிந்து ஒரு கை நீரை அள்ளி மோந்தும் பார்த்தாள். குளிரைத் தவிர அவளுக்கு ஒரு மணமும் தெரியவில்லை. கையிலிருந்த நீரை உதறாமல் மெல்ல ஆற்றிலேயே விட்டாள்.

"முட்டை போட்டதும் செத்துடுமா?"

"சாமன் மீனெண்டாச் சாகும். இதில கொஞ்சம் திரும்பக் கடலுக்குப் போகும். இன்னொருக்கா வரும்."

"அப்போ முட்டையை யார் பார்த்துப்பா?"

"ஆறு."

"தாய்க்காரி?"

"போயிடுவா."

"நல்ல தாய்!" என்றாள் மனோன்மணி. மிச்ச ரொட்டியைக் கோபமாக மென்றாள். பிறகு கிண்டல் இல்லாமல் கேட்டாள். "நிரோ, ஆதிரைக்கு நான் என்ன செய்யணும்? நீயாவது சொல்லேன்."

நிரோஜினி எழுந்து கோலை எடுத்து நீட்டினாள்.

"வீசுங்கோ அன்ரி."

இதெல்லாம் ஒரு குருவா என்று நினைத்துக்கொண்டாள் மனோன்மணி.

அன்று வீட்டுக்குத் திரும்பியபோது ஆதிரையின் லேப்டாப் மேசைமேல் திறந்திருந்தது. திரையில் விமான கம்பெனியின் டிக்கெட் மாற்றும் பக்கம். தேதி இன்னும் அழுத்தப்படவில்லை. மனோன்மணி பார்த்ததை ஆதிரையும் பார்த்தாள். மனோன்மணி அடுப்படிக்குப் போனாள். அந்தக் கேள்வியை மட்டும் அன்று விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு பச்சையாகியிருந்தது.

பச்சை என்றால் இலைப் பச்சை அல்ல. புதுக் கண்ணாடி வளையலை வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே ஒரு பச்சை தெரியுமே, அது. நேற்று வரை சேறாக ஓடியதா இது என்று மனோன்மணி வாய் பிளந்து நின்றாள். அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது.

"இண்டைக்கு" என்றாள் நிரோஜினி. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

வீசினாள், விட்டாள், அடி வைத்தாள். கற்கள் எல்லாம் பழுப்பேறி வழவழத்தன. ஆற்றில் ஊன்றி நடக்க நிரோஜினி கொடுத்த கைத்தடியை ஊன்றியும் கால் வழுக்கியது. எதிரே, கொஞ்சம் கீழே, ஓரிடத்தில் மட்டும் கற்கள் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தன. பாசி இல்லை, வழுக்காது. ஆற்றுக்குள்ளே யாரோ தனக்கென்று ஓர் இடத்தைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். மனோன்மணி இரண்டு எட்டில் அதை நெருங்கி, மூன்றாவது எட்டுக்குக் காலைத் தூக்கினாள்.

"அன்ரி! அசையாதேங்கோ!"

நிரோஜினி கத்தி அவள் கேட்டதே இல்லை. தூக்கிய கால் தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

"என்னடி? பாம்பா?"

"காலை வைக்காதேங்கோ. கீழ முட்டை."

மனோன்மணி குனிந்து பார்த்தாள். கல்தான் தெரிந்தது. வெள்ளைக் கல், சாம்பல் கல், பழுப்புக் கல். முட்டை எதுவும் தெரியவில்லை. ஓட்டம் இடுப்பைத் தள்ளியது. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரியாதபோது எந்தப் பக்கம் விலகுவது?

அப்போது அது வந்தது.

பச்சைக்குள் இருந்து ஒரு நிழல் பிரிந்தது. நிழலுக்கு உடம்பு வந்தது. அவள் கை நீளம் இருக்கும். முதுகெல்லாம் புள்ளி, விலாவில் விடிகாலை வானம் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. கைத்தடியை நீட்டினால் தொட்டுவிடலாம். இத்தனை நாள் வீசி வீசித் தோள் வலித்தது இதற்காகத்தான். இப்போது கையிடுக்கில் கோல் இருந்தது அவளுக்கு நினைவே இல்லை.

மீன் அந்தப் பளிச்சென்ற இடத்தின் தலைமாட்டில் நின்றது. பிறகு ஒருக்களித்துப் படுத்தது. படுத்த வாக்கில் வாலால் ஆற்றின் அடியை அடித்தது. ஒரு வெள்ளி மின்னல். கற்கள் எழும்பிப் புரண்டு, ஓட்டத்தோடு கொஞ்சம் கீழே போய் உட்கார்ந்தன. நிமிர்ந்தது, மூச்சு வாங்கியது. மறுபடி சாய்ந்து அடித்தது. வாலின் ஓரம் தேய்ந்து தேய்ந்து வெள்ளைவெளேரென்று இருந்தது. துணி துவைத்தே தேய்ந்த விரல் அப்படித்தான் இருக்கும்.

கடலை முழுக்கச் சுற்றிவிட்டு, ஓர் ஓடையின் மணத்தை மூக்கிலேயே வைத்திருந்து, மழைக்குக் காத்திருந்து, பாறை ஏறி வந்து, உடம்பையே மண்வெட்டியாக்கிக் கல்லைக் கொண்டு முட்டையை மூடுகிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாரும் கூட இல்லை.

மனோன்மணிக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. ஒற்றைக் கால் குளிரில் மரத்துப்போனது. கன்னத்தில் வழிந்தது மழை என்றுதான் முதலில் நினைத்தாள். மழை நின்று நேரமாகியிருந்தது.

கடைசியாக ஒரு முறை அடித்துவிட்டு மீன் திரும்பியது. தான் மூடிய இடத்தின்மேல் ஒரு தடவை மிதந்து போனது. பிறகு பச்சை அதை எடுத்துக்கொண்டது.

நிரோஜினி பின்னால் வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"வந்த வழியே. கால் வைச்ச இடத்திலேயே வையுங்கோ."

பின்பக்கமாக, ஓர் அடி, இன்னோர் அடி. கரை ஏறியதும் மனோன்மணி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நிரோஜினி தேநீரைக் கையில் வைத்தாள்.

"உள்ளே உயிரோட இருக்குமா?"

"தெரியாது அன்ரி."

"பார்க்க முடியாதா?"

"கல்லைப் புரட்டினாப் பாக்கலாம்."

"புரட்டினா?"

நிரோஜினி தன் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"முந்தி மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணையில வேலை செய்தனான். முட்டையைத் தட்டில பரப்பி வைப்பினம். கொஞ்ச நாளில முட்டைக்குள்ள ரெண்டு கறுப்புப் புள்ளி தெரியும். கண். கண் வந்திட்டா தட்டைத் தூக்கலாம், எண்ணலாம், என்னவும் செய்யலாம். கண் வரும் வரைக்கும் ஒருத்தரும் தொட மாட்டம். தட்டில ஒரு சின்ன இடி இடிச்சாலே முட்டை செத்து வெள்ளையாப் போயிடும்."

"அதுவரைக்கும் உயிர் இருக்கா இல்லையான்னே தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாம எப்படிம்மா இருப்பீங்க? ஒண்ணுமே செய்யாம?"

"செய்வம்."

"என்ன செய்வீங்க?"

"தண்ணி ஓடுதோ எண்டு பாப்பம்."

மனோன்மணி மீன் மூடிவிட்டுப் போன இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, குருவே" என்றாள். இந்த முறை நிரோஜினி நிமிர்ந்து பார்த்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் தூண்டிலைத் தொடவில்லை.

வீட்டில் ஆதிரையின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். வயிற்றின்மேல் ஒரு கை. லேப்டாப் மடியருகே இருந்தது. மனோன்மணி ஈரக் காலோடு வாசல்வரை வந்து, உள்ளே வைக்கத் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள்.

ஆதிரை அவளைப் பார்த்தாள். முகம் இறுகியது. அடி வாங்கப் போகிற பிள்ளையின் முகம் அது. இத்தனை நாள் இதே முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறோம் என்பது மனோன்மணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்ன? கேளு. கேட்டுட்டுப் போ."

தூக்கிய காலை வெளியிலேயே வைத்தாள் மனோன்மணி.

"பக்கத்துல தண்ணி இருக்கா?"

ஆதிரை புரியாமல் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். சொம்பு காலியாக இருந்தது.

மனோன்மணி நிரப்பிக்கொண்டு வந்து வாசலில் நின்றபடியே நீட்டினாள். ஆதிரை வாங்கவில்லை. லேப்டாப்பை மூடித் தரையில் வைத்தாள். கால்களை மடக்கிக் கட்டிலில் ஓர் ஓரம் ஒதுங்கிக்கொண்டாள்.

"வா. வந்து உட்காரும்மா."

கட்டில் அசையாதபடி மனோன்மணி உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.